கூடு ஒரு கண்மாயில், இரை பத்து இடத்தில்

பெரியவர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் ராமநாதபுரத்தை ஒட்டியே ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது: சக்கரக்கோட்டை கண்மாய். 2012இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. 2025இல் நம் மாவட்டத்துத் தேர்த்தங்கல் சரணாலயத்தோடு சேர்ந்து, உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் மன்னார் வளைகுடாவும் 2022லேயே அதில் சேர்ந்துவிட்டன. தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய சீமைக்கு இது எவ்வளவு பெரிய கௌரவம்!

சரி, அறிவிப்புப் பலகை வைத்தாயிற்று. பறவைக்கு அது போதுமா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகியதும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாம் வந்து சேரும். தண்ணீருக்கு நடுவில் நிற்கும் கருவமரங்களாகப் பார்த்துக் கூடு கட்டும். மரத்தடியில் தண்ணீர் நின்றால் நாயும் நரியும் காட்டுப்பூனையும் கிட்டே வராது. மஞ்சள்மூக்கு நாரை அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு சிறகு முளைத்துப் பறக்க இன்னும் இரண்டு மாதம். ஆக, மூன்று மாதம் அந்த மரத்தடி வற்றக் கூடாது. மீன் பிடிப்பதற்காக மடையைத் திறந்து நடுவிலேயே தண்ணீரை வடித்துவிட்டால் அந்த வருசக் குஞ்சுகள் போச்சு.

அப்புறம் இரை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். இத்தனை குஞ்சுகளுக்கும் வேண்டிய மீனை ஒரே கண்மாய் கொடுத்துவிடாது. தாய்ப்பறவைகள் சுற்றுவட்டாரக் கண்மாய்களுக்கும் வயல்களுக்கும் பறந்து போய்த்தான் இரை கொண்டுவர வேண்டும். நத்தைகுத்தி நாரைக்கு நெல்வயல் நத்தைதான் சாப்பாடு. அந்த வயலில் பூச்சிமருந்தை அளவில்லாமல் அடித்தால் அது குஞ்சின் வாய்க்குத்தான் போய்ச் சேரும். சரணாலயத்துக்கு எல்லைக்கல் உண்டு. பறவையின் பசிக்கு எல்லைக்கல் கிடையாது.

தண்ணீரும் அப்படித்தான். நம் கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துக் கிடப்பவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. வரத்துக்காலில் கட்டடக் கழிவைக் கொட்டினாலோ, அதைத் தூர்த்து மனை போட்டாலோ, கண்மாய்க்குள் ஒரு மரத்தைக்கூட வெட்டாமலே சரணாலயத்தைக் கொன்றுவிடலாம். ஊர் வளரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? தண்ணீர் வரும் வழியை விட்டுவிட்டு வளரட்டும்.

சென்னையைப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடங்களும் சாலைகளும் பெருங்குடி குப்பைமேடும் விழுங்கிய பிறகுதான், மிச்சத்தைக் காப்பாற்ற எல்லோரும் ஓடினார்கள். அதே நகரத்தில் 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத கிண்டி தேசியப் பூங்காவில் இன்றைக்கும் வெளிமான் வாழ்கிறது. ஆக, பெரிய நகரத்துக்குள்ளும் காடு பிழைக்கும், நாம் விட்டுவைத்தால்.

நம் கடலோரமும் இழப்பைப் பார்த்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். ஆனால் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க அரண் இல்லாமல், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் போய்விட்டது. சட்டத்தால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளைகளின் ஆசையையே அடக்கி வைத்திருக்கிறார்கள், எவ்வளவு பெரிய மனசு! பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது நம் சம்சாரிகளுக்கும் தெரிந்ததுதானே?

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். அக்டோபர் 2 அன்று கிராமசபை கூடும். மழைக்கு முன்னால் வரும் நல்ல சந்தர்ப்பம் அது. கண்மாயைச் சுற்றியுள்ள ஊராட்சிக்காரர்கள் அன்றைக்குப் போய், வரத்துக்காலை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும், தூர்வாரும்போது கூடு கட்டும் கருவமரங்களையும் மண்திட்டுகளையும் தொடக் கூடாது, குஞ்சுகள் பறக்கும்வரை மீனுக்காகத் தண்ணீரை வடிக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் கரையில் குப்பை கொட்டும் வண்டியைக் கண்டால் நிறுத்திக் கேளுங்கள். தம்பி தங்கைகளே, மார்கழியில் உங்கள் வாத்தியார்களைக் கண்மாய்க்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். எந்த மரத்தில் எத்தனை கூடு என்று எண்ணி, வருசாவருசம் நோட்டில் எழுதி வையுங்கள். கூடு குறைந்தால் முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.