மலைப்பாதை வெட்டும் வேலை: மல்லுக்கட்டு மண்ணோடு இல்லை, தண்ணீரோடு

வணக்கம் மக்களே. போன வீடியோவில் மலைப்பாதை வேலையில் நான் புலாஸ்கியும் (கோடாலியும் மண்கொத்தியும் சேர்ந்த கருவி) கையுமாக நின்றதைப் பார்த்துவிட்டு, "சம்பளமும் கொடுத்து ட்ரெக்கிங்கும் கூட்டிக்கொண்டு போகிறார்களா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நடப்பதெல்லாம் வேலை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரத்தான். அதுவும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு. ஒரு கடப்பாரை ஏழெட்டு கிலோ இருக்கும். ஒரு மணி நேரம் மலை ஏறினால் அது பதினைந்து கிலோ ஆகிவிடும், சத்தியமாக.

சரி, முதலில் இது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களிலும் காடுகளிலும் பாதை போடவும் பழுது பார்க்கவும் கோடைக்காலத்தில் இளைஞர்களை எடுக்கிறார்கள். இந்த அமைப்புகளுக்குப் பொதுப் பெயர் கன்சர்வேஷன் கோர். பெரும்பாலும் 18 முதல் 25 வயது, சில இடங்களில் கொஞ்சம் கூடவும் எடுப்பார்கள். ஒரு க்ரூவுக்கு, அதாவது வேலைக்குழுவுக்கு, ஏழெட்டுப் பேர். எட்டு, ஒன்பது நாள் காட்டுக்குள் கூடாரத்தில் தங்கி வேலை, பிறகு சில நாள் ஓய்வு. அந்த ஒரு சுற்றைத்தான் ஹிட்ச் என்கிறார்கள்.

இதெல்லாம் தொடங்கியது 1933-இல். பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாமல் திண்டாடிய இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட் சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். 1942 வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். அவர்கள் அடுக்கிய கல் சுவர்கள் மேல் இன்றைக்கும் நடக்கலாம். ஆனால் அதை அப்படியே பொற்காலமாக்குவது எனக்குப் பிடிக்காது. அதில் பெண்களுக்கு இடமில்லை, கறுப்பின இளைஞர்களைப் பெரும்பாலும் தனி முகாமில்தான் வைத்தார்கள். அப்புறம் எலிசபெத் கஷ்மன் என்ற மாணவி, மாணவர்களைக் கொண்டே பூங்காக்களைப் பராமரிக்கலாம் என்று 1955-இல் கல்லூரி ஆய்வேட்டில் எழுதினார். 1957-இல் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் பூங்காக்களில் அதைச் செய்தும் காட்டினார். அதுதான் இன்றைய ஸ்டூடன்ட் கன்சர்வேஷன் அசோசியேஷன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பாதையைக் கெடுப்பது மனிதர்களின் கால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காலும் கெடுக்கும்தான், ஆனால் பெரிய எதிரி மழைத்தண்ணீர். மலைச்சரிவில் நேராக மேலிருந்து கீழே ஒரு பாதை போட்டால் அடுத்த மழையில் அதுவே ஓடை. மண் அரித்து, கல் பெயர்ந்து, நடுவில் பள்ளம் விழும். பள்ளத்தில் சேறு. சேற்றில் கால் வைக்க விரும்பாதவர்கள் ஓரத்துச் செடியை மிதித்துச் சுற்றிப்போவார்கள். இப்படியே ஒற்றையடிப் பாதை லாரி போகிற அகலத்துக்கு வந்துவிடும்.

அதனால் பாதை மலையின் விலாவை ஒட்டிப் பக்கவாட்டில் போக வேண்டும். க்ரூவில் முதலில் சொல்லித்தருகிற கணக்கு இது: மலைச்சரிவு எவ்வளவோ, பாதையின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சரிவு 16 சதவீதம் என்றால் பாதை 8 சதவீதம். மலை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் மொத்தப் பாதைக்கும் சராசரி 10 சதவீதத்துக்குள், அதாவது பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறுகிற அளவுக்குள், வைக்கப் பார்ப்பார்கள். நடக்கிற தளத்தையும் பள்ளத்தாக்குப் பக்கம் 5 சதவீதம்போல சாய்த்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். வந்த தண்ணீர் பாதையில் ஓடாமல் குறுக்கே வழிந்து இறங்கிவிடும்.

தளம் வெட்டும்போது மேலே இருக்கும் சருகு, மக்கு, வேர் எல்லாவற்றையும் வழித்தெடுத்து, அடியில் இருக்கும் கெட்டி மண் வரை போக வேண்டும். மக்கை விட்டுவைத்தால் அது பஞ்சுபோல நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இங்கேதான் புலாஸ்கி வேண்டும். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் மண் கொத்துகிற அலகு. 1910 பெருங்காட்டுத்தீயில் இடாஹோவில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் அடைத்துக் காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற வனக்காவலரின் பெயர்தான் அதற்கு. இதை யாரும் தோளில் வைத்து நடக்கக் கூடாது. பள்ளத்துப் பக்கக் கையில், தாழ்த்திப் பிடிக்க வேண்டும். தடுக்கினால் அதைக் கீழே எறிந்துவிட்டு நாம் மேட்டுப் பக்கம் விழலாம்.

பழைய பாதையில் இன்னொரு வேலை இருக்கிறது. கால்பட்டுக் கால்பட்டு நடுப்பகுதி அமுங்கி, வெளி ஓரத்தில் சின்ன வரப்பு எழும்பியிருக்கும். பார்க்கப் பாதுகாப்புச் சுவர்போல அழகாக இருக்கும். அதை இரக்கமே இல்லாமல் உடைக்க வேண்டும், தண்ணீரை உள்ளே பூட்டி வைப்பதே அதுதான். நாள் முழுக்க வரப்பை வெட்டிவிட்டு மாலையில் திரும்பிப் பார்த்தால் என்ன செய்தோம் என்றே தெரியாது. போட்டோவில் ஒன்றும் விழாது. நான் போட்ட வீடியோக்களில் இந்த வேலை இல்லாததற்குக் காரணமும் அதுதான்.

கல் படி மட்டும் வீடியோவுக்கு நன்றாக இருக்கும். படி கட்டுவது கீழிருந்து மேலே. வெளியே தெரிகிற உயரம் ஒரு சாண் என்றால், கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும். ஆகவே ஒரு படிக்கு மூன்று பேர் சேர்ந்து நகர்த்துகிற அளவு கல் வேண்டும். முதலில் குழி. கல்லைக் கடப்பாரையால் நெம்பி நெம்பி இறக்குவோம், கை மட்டும் கல்லுக்கு அடியில் போகக் கூடாது. இறங்கியதும் ஒருவர் மேலே ஏறி நின்று குதிக்க வேண்டும். இம்மி ஆடினாலும் மறுபடி வெளியே எடுத்துக் குழியைத் திருத்த வேண்டும். ஆடாவிட்டால் சுற்றிலும் சல்லிக்கல்லைப் போட்டுச் சுத்தியலால் இடித்து இறுக்குவோம். மண் போட்டு நிரப்பினால் மழையில் கரைந்துவிடும். அடுத்த படி இதன் பின்விளிம்பில் ஏறி உட்காரும். காலை முழுக்க ஒரே ஒரு படி என்கிற நாளும் உண்டு. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

காட்டை இயல்பாகவே விட்டுவைக்கச் சொல்கிற 1964 வைல்டர்னஸ் சட்டத்தின் கீழ் வருகிற காடுகளில் மோட்டார் கருவி கூடாது, சக்கரம் வைத்த தள்ளுவண்டிகூடக் கூடாது. விழுந்த மரத்தை இரண்டு பேர் பிடிக்கிற நீள ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். இதில் இழுப்பது மட்டும்தான் உன் வேலை, தள்ளக் கூடாது. தள்ளினால் ரம்பம் வளையும், எதிரே இருப்பவர் முறைப்பார்.

காசு? குறைவு. 1976-இல் தொடங்கிய கலிஃபோர்னியா கன்சர்வேஷன் கோர், "கடும் உழைப்பு, குறைந்த கூலி, மோசமான சூழல், இன்னும் பல!" என்பதையே தன் முழக்கமாக வைத்திருக்கிறது. நேர்மை எனக்குப் பிடித்தது, கூலி பிடிக்கவில்லை. அமெரிக்கார்ப்ஸ் என்கிற அரசு சேவைத் திட்டத்தின் நிதியில் ஓடுகிற இடங்களில் சம்பளம் என்று சொல்லாமல் வாழ்க்கைச் செலவுப் படி என்று கொடுப்பார்கள். பருவத்தை முடித்தால் படிப்புக்கோ கல்விக்கடனுக்கோ ஒரு தொகை கிடைக்கும். அந்தத் தொகைக்கும் வருமான வரி உண்டு, இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. சேவை என்று சொல்லிக் குறைவாகக் கொடுப்பதால், வீட்டில் பணம் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது சுலபம் என்பது என் கருத்து.

இன்னொன்று, அமெரிக்கார்ப்ஸ் இடங்களுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறவர்கள் பசிஃபிக் கிரெஸ்ட், அப்பலாச்சியன் என்கிற நெடுந்தூர நடைபாதைகளைக் கவனிக்கும் சங்கங்களின் தன்னார்வக் குழுக்களைப் பார்க்கலாம், உங்கள் விசா விதியைக் கல்லூரியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கார்ப்ஸ் மானியங்கள் பல திடீரென்று ரத்தானதால், நேர்காணலில் "இந்தப் பருவத்துக்கான பணம் கையில் இருக்கிறதா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கோடை வேலைக்குக் குளிர்காலத்திலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள், மே மாதம் தேடினால் மிச்சம்மீதிதான்.

அப்புறம் பூட்ஸ். கணுக்கால் மூடுகிற தோல் பூட்ஸ் வாங்கி, வேலைக்குப் போவதற்கு முன்பே சில வாரம் போட்டு நடந்து பழக்குங்கள். அடுத்த வீடியோவில் ரம்பம் எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறேன். வருகிறேன் மக்களே.