வயிற்றுக்குள் போன பிரியாணிக்கு வரி கிடையாது
(ஜொகூர் பாரு சிறு வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

கொரோனாவுக்காக 2020 மார்ச் 16 இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார்கள். 18ஆம் தேதி நம் ஊரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் மூடிவிட்டது. நாளுக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் கடந்துகொண்டிருந்த பாதை அது. மறுபடி பழையபடி திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான். அந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூட்டியே போன கடைகளின் பெயர்ப்பலகைகள் உங்களுக்கு மனப்பாடம்.

எல்லை மூடினால் வியாபாரம் படுக்கும் என்பதைச் சொல்ல ஒரு பேச்சாளரைக் கூப்பிட வேண்டாம். நான் பேச வந்தது, பாலம் திறந்திருக்கும்போதே வேலை செய்கிற சின்னச் சின்ன விதிகளைப் பற்றி. இந்த ஊரில் எது விற்கும், எது விற்காது என்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

சிங்கப்பூர்க்காரர் ஒருவர் காலையில் வந்து ராத்திரி திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்புபவருக்கு 100 சிங்கப்பூர் வெள்ளிப் பொருளுக்குத்தான் அந்த நாட்டுப் பொருள் சேவை வரியிலிருந்து விலக்கு. அதற்கு மேல் தங்கினால் 500 வெள்ளி. 2019 பிப்ரவரிக்கு முன்னால் இது 150, 600 என்று இருந்தது, குறைத்துவிட்டார்கள். வரியோ 2024 முதல் 9 விழுக்காடு. சிகரெட்டுக்கு விலக்கே இல்லை. அப்படியானால் அவர் இங்கே தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவாரா? யோசிப்பார். ஆனால் முடிவெட்டிக்கொள்வார், பல்லைச் சுத்தம் செய்துகொள்வார், உடம்பு பிடித்துவிடச் சொல்வார், காரைக் கழுவக் கொடுப்பார், குடும்பத்தோடு உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிடுவார். வயிற்றுக்குள் போன பிரியாணியை எந்தச் சுங்க அதிகாரியும் எடை போட முடியாது. இந்த ஊரில் தெருவுக்குத் தெரு முடிதிருத்தகமும் பல் மருத்துவமும் கார் கழுவும் இடமும் இருப்பதற்கு, ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பது மட்டும் காரணமில்லை.

பெட்ரோலைப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. சிங்கப்பூர் கார் வெளியே வர வேண்டுமானால் தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். 1989இல் பாதித் தொட்டி என்று தொடங்கி, 1991இல் முக்கால் ஆக்கினார்கள். தங்கள் பெட்ரோல் வரி பாலம் தாண்டிப் போகக் கூடாதே! நம் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. மானிய விலையில் கிடைக்கும் ரோன் 95 ரகப் பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு விற்கக் கூடாது என்று 2010இல் தடை வந்தது. மிச்சம் என்ன? ஒரு கால் தொட்டி, அப்புறம் இங்கே ஓடித் தீர்த்தது. அதுவும் மானியமில்லாத ரோன் 97. இரண்டு அரசாங்கங்களும் விட்டுவைத்த அந்த இடுக்கில்தான் எல்லையோரப் பெட்ரோல் நிலையம் பிழைக்கிறது.

வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள் வர எடுக்க வேண்டிய வாகன நுழைவு அனுமதி விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. 2019இல் வரும் என்றார்கள், தள்ளிப்போனது. 2024 அக்டோபர் என்றார்கள், எச்சரிக்கையோடு விட்டார்கள். 2025 ஜூலை 1 முதல்தான் அனுமதி இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். விதி தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த வண்டிகளும் நம் சாலையில்தானே ஓடுகின்றன. ஆனால் வருமா வராதா என்று ஆறு வருடம் இழுத்தால் எந்த வியாபாரி துணிந்து இரண்டாவது கிளை போடுவார்? கடுமையான விதியோடுகூடப் பழகிவிடலாம். ஆடுகிற விதியோடு பழக முடியாது.

நல்லதும் நடந்திருக்கிறது. 2024 மார்ச் 19 முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் என்ற சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடிகளில் காரில் வருபவர்கள் கடப்பிதழை நீட்ட வேண்டியதில்லை, கியூஆர் குறியீடு போதும். ஒரே குறியீட்டில் 10 பேர் வரை போகலாம். வரிசையில் மிச்சமாகும் நேரம் நம் சாப்பாட்டு மேசையில் செலவாகும்.

சரி, இனி வரப்போவது எல்லை தாண்டி ஓடும் ஆர்டிஎஸ் ரயில். நம் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர், ஏறக்குறைய 5 நிமிடம். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். அக்கரையில் அக்கம்பக்கக் கடைக்காரர்கள், தங்கள் வாடிக்கையாளர் இங்கே ஓடிவிடுவார் என்று கவலைப்படுகிறார்கள். நம்மிலும் எல்லாருக்கும் லாபமில்லை. ரயிலில் வருபவருக்குக் கார் கழுவ வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். கையில் தூக்க முடிந்ததைத்தான் வாங்குவார், நடந்து போகிற தூரத்தில்தான் சாப்பிடுவார். நிலையத்துக்குக் கிட்டே ஜாலான் உங்கு புவான் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு யோகம். தள்ளி ஸ்கூடாயிலும் மவுண்ட் ஆஸ்டினிலும் இருப்பவர்கள், நிலைய வாசலிலிருந்து தங்கள் பக்கம் எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும், ராத்திரி கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மாநகர் மன்றத்திடம் இப்போதே எழுதிக் கேளுங்கள்.