பினாங்கில் ஒரு எம்டன்: ஃபைபர்கிளாஸ் உடல் தயார்!

வணக்கம் மக்களே. கையில் இருப்பது எம்டன் என்ற பழைய ஜெர்மன் போர்க்கப்பலின் மாடலுக்கான உடல், அச்சிலிருந்து நேற்று ராத்திரிதான் கழற்றினேன். தராசில் பாருங்கள், 140 கிராம். போன மாதம் செய்தது 410 கிராம்.

அந்த 270 கிராமுக்கு ஏன் இவ்வளவு கவலை? சொல்கிறேன். மாடல் போர்க்கப்பல் சண்டை என்ற விளையாட்டில், ரிமோட்டில் ஓடும் கப்பல்கள் வாயு அழுத்தத்தால் சின்னக் குண்டுகளைச் சுட்டு மோதும். அதில் எல்லாக் கப்பலும் நிஜக் கப்பலின் 144-இல் ஒரு பங்கு அளவு. எம்டனின் நீளம் 118 மீட்டர், நமக்கு 82 சென்டிமீட்டர். எடையை மூன்று தடவை 144-ஆல் வகுக்க வேண்டும். 3,600 டன்னுக்கு மேல் இருந்த கப்பல் இங்கே சுமார் 1.2 கிலோதான். பேட்டரி, மோட்டார், பம்ப், ரிசீவர் எல்லாம் அதற்குள் அடங்கணும்.

முதல் தடவை வெட்டுநார் மேட், அதாவது துண்டு துண்டான கண்ணாடி நார் விரிப்பு போட்டேன், அது ரெசின் என்ற பிசினைக் குடித்துக்கொண்டே இருந்தது. இங்கத்து வெயிலுக்கு, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரும் அதிகமாகிவிட்டது. தூரிகையை எடுப்பதற்குள் கப்பில் புகை வந்து, ரெசின் கட்டியாகிவிட்டது. இந்தத் தடவை மெல்லிய நெய்த துணி, இரண்டே அடுக்கு. காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கிவிட்டேன். மாஸ்க்கும் கையுறையும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

இப்போது பக்கவாட்டைப் பாருங்கள், வரிசையாக ஜன்னல் வெட்டியிருக்கிறேன். நடுவில் விலா எலும்பு மாதிரி பட்டைகள் மட்டும் மிச்சம். இதன்மேல் பால்சா என்ற லேசான மரத்தின் தகடு ஒட்டணும், தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சண்டையில் எதிரியின் குண்டு அதைத் துளைக்கும், தண்ணீர் உள்ளே வரும், பம்ப் தோற்றால் கப்பல் மூழ்கும். தூக்கி எடுத்துப் பால்சாவை மாற்றி, மறுபடி இறக்கலாம். உடல் அப்படியே இருக்கும். எனக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே அதுதான்.

நம்ம மலேசியாவில் காற்றுத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் வேண்டும். அதனால் என் கப்பலில் பீரங்கி வெறும் பித்தளைக் குழாய். ஆணியால் பால்சாவில் ஓட்டை போட்டு, தொட்டியில் விட்டுப் பம்ப்பைச் சோதிப்பேன்.

சரி, ஏன் எம்டன்? யாராவது கெட்டிக்காரத்தனம் செய்தால் பாட்டி "அவன் பெரிய எம்டன்" என்பார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். அடுத்த மாதம் 28-ஆம் தேதி விடியற்காலையில் இதே பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் அந்த ரஷ்ய மாலுமிகளுக்கு நினைவுக்கல் இருக்கிறது. இந்த வேலையைத் தொடங்கும் முன் அங்கே போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன்.

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். பிரிட்டிஷ் கப்பல் மாதிரித் தெரிய, நாலாவதைக் கேன்வாஸில் கட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் அதைத் துணியில்தான் தைக்கப் போகிறேன், கழற்றி மாட்டுகிற மாதிரி. அடுத்த வீடியோவில் தண்ணீரில் இறக்குவோம்.