டிரான்சிஸ்டர் என்றொரு பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் முதுநகரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவன் நான். தேவனாம்பட்டினத்து மீனவர்கள் பாலிதீன் பையில் சுற்றிப் பெட்டியை எடுத்து வருவார்கள். “டிரான்சிஸ்டர் பாட மாட்டேங்குது, என்னன்னு பாருங்கண்ணே” என்பார்கள். மூடியைத் திறந்தால் உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டினாலே பாதி வேலை முடிந்தது. டிரான்சிஸ்டர் என்பது உள்ளே கிடந்து மின் அலையைப் பெருக்கும் பொடிப் பாகம். அதன் பெயரை முழுப் பெட்டிக்கும் வைத்துவிட்டோம் பாருங்கள். அதற்கு முன்னால் கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுதான் அந்த வேலையைச் செய்தது, ஆனால் வால்வு ரேடியோவை யாரும் ‘வால்வு’ என்று கூப்பிட்டதில்லை.

டிரான்சிஸ்டர் வைத்து விற்பனைக்கு வந்த முதல் பாக்கெட் ரேடியோ, அமெரிக்காவில் 1954 அக்டோபரில் அறிவித்த ரீஜென்சி டி.ஆர்.-1. டிரான்சிஸ்டர் பெல் ஆய்வகத்தில் 1947-லேயே பிறந்துவிட்டது. ஆனால் காது கேட்கும் கருவி, ராணுவச் சாமான் என்று சில இடங்களில்தான் அது நுழைந்திருந்தது. டிரான்சிஸ்டர் செய்து, அதைப் பெருமளவில் விற்க வழி தேடிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி, ரேடியோ செய்யலாம் என்று பெரிய கம்பெனிகளைக் கேட்டுப் பார்த்தது. யாரும் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் டி.வி. ஆன்டெனாவுக்கு பூஸ்டர் செய்துகொண்டிருந்த இண்டியானாபொலிஸ் கம்பெனி ஒன்று சரி என்றது.

விலை 50 டாலரைத் தாண்டக் கூடாது. அப்போது டிரான்சிஸ்டர்தான் பெட்டியிலேயே விலை கூடிய சரக்கு. ஆகவே ரிச்சர்ட் காக் என்ற அந்தக் கம்பெனிப் பொறியாளர் அதை எங்கெங்கே குறைக்கலாம் என்று உட்கார்ந்தார். நாலில் கொண்டுவந்து நிறுத்தினார்: அலையை மாற்ற ஒன்று, அதைப் பெருக்க இரண்டு, ஸ்பீக்கரை ஓட்ட ஒன்று. அலையிலிருந்து குரலைப் பிரிக்க மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டயோடு ஒன்று போதும் என்று விட்டுவிட்டார்.

எனக்கு இதில் பிடித்தது ஐ.எஃப்., அதாவது இடைநிலை அதிர்வெண் சங்கதி. எந்த நிலையத்தைத் திருப்பினாலும் ரேடியோ அதை உள்ளுக்குள் ஒரே அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொண்டுதான் பெருக்கும். நம் பெட்டிகளில் அது 455 கிலோஹெர்ட்ஸ். தொழில் பழகியபோது அந்த ஐ.எஃப். காயிலுக்குள் இருக்கும் ‘கோர்’ என்ற திருகுத் தண்டை இரும்பு ஸ்குரூடிரைவரால் திருகி உடைத்துத் திட்டு வாங்கியவன் நான். அந்த எண் மறக்காது. டி.ஆர்.-1-லோ 262. அந்தக் கால ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் அதிர்வெண் ஏற ஏறச் சோர்ந்துபோகும். அது எங்கே தெம்பாக ஓடுமோ அங்கே வேலையை இறக்கிவிட்டார்கள். பேட்டரிக்கு 22.5 வோல்ட் என்று கூட்டி வைத்ததும் கிட்டத்தட்ட அதே காரணத்துக்குத்தான், அந்த டிரான்சிஸ்டருக்குத் தெம்பு கொடுக்க.

49.95 டாலருக்கு விற்றார்கள், சுமார் 1 லட்சம் பெட்டி போனது. ஒலி என்னவோ சுமார்தான். ஆனால் கம்ப்யூட்டரில் டிரான்சிஸ்டர் போடத் தயங்கிய தன் பொறியாளர்களுக்கு ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் இந்த ரேடியோவைத்தான் வாங்கிக் கொடுத்தாராம். அப்புறம் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். 1957-ல் சோனி டி.ஆர்.-63 ஆறு டிரான்சிஸ்டரோடு 9 வோல்ட் பேட்டரியில் ஓடியது. மீதிக் கதை உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கும்.

புதுச்சேரி நண்பர் ஒருவரிடம் டி.ஆர்.-1 இருக்கிறது. 22.5 வோல்ட் பேட்டரிக்கு எங்கே போவது? இரண்டு 9 வோல்ட், மூன்று பென்சில் பேட்டரி, எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து ஒரு சோப்பு டப்பாவில் அடைத்து, ஒயரை மட்டும் ரேடியோவுக்குள் விட்டேன். பாடியது. சட்டைப் பைக்குள் ரேடியோ, டப்பா மட்டும் கையில்.