வீடு பக்கத்தில் இருந்தாலும் ஹாஸ்டல் கட்டாயமா? அட்மிஷன் பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்!

கல்லூரியிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால், ஒரு விடுதியில் உங்களுக்கு இடமே கிடையாது. இன்னொரு விடுதியில், பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வீடு வந்துவிடும் என்றாலும், முதல் வருடம் தங்கித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். இரண்டும் நம்ம கொங்கு நாட்டிலேயே நடக்கிறது. ஒரே ஊர், ஒரே வயசுப் பிள்ளைகள், விதி மட்டும் தலைகீழ். ஏன் இப்படி, இதில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் இன்றைய வீடியோ.

வணக்கம் நண்பர்களே. கவுன்சலிங் முடிந்து கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, அடுத்து பணம் கட்ட வேண்டியதுதான் என்று உட்கார்ந்திருக்கும் அப்பா, அம்மா, பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து பாருங்கள்.

(திரையில்: கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் வரைபடம்)

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-ல் வந்தது, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல். 1984-க்குப் பிறகு சுயநிதிக் கல்லூரிகள் பெருந்துறை, திருச்செங்கோடு, சத்தியமங்கலம் என்று ஊருக்கு வெளியே ரோட்டோரம் எழுந்தன. ஊருக்கு வெளியே என்பதால் ஒன்று பஸ் வேண்டும், இல்லையென்றால் ஹாஸ்டல் வேண்டும். அவ்வளவுதான் வரலாறு.

சரி, அந்த எட்டு கிலோமீட்டர் எங்கே வருகிறது? பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை நடத்தும் அரசு விடுதிகளில். படிக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் குறைந்தது 8 கி.மீ. தூரம் இருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. மாணவிகளுக்கு மட்டும் அந்தத் தூரக் கணக்கு கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. இடம் குறைவு, அதனால் தூரத்திலிருந்து வருகிறவருக்கு முதலில் கொடு. பெண் பிள்ளை என்றால் தூரத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாதே. எவ்வளவு தெளிவான யோசனை பாருங்கள். 2025 ஜூலையிலிருந்து அரசு மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் இப்போது அந்தப் பெயரில் தேடுங்கள்.

அப்புறம், தலைகீழ் விதி. சில தனியார் கல்லூரிகள் முதல் ஆண்டு மட்டும் ஹாஸ்டல் கட்டாயம் என்கின்றன. அட்மிஷன் கவுண்டரில் ஒரு அப்பா, வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப் பை, "ஏனுங்க, நமக்குக் காங்கேயமுங்க. காலேஜ் பஸ்ஸுலயே வந்து போயிக்கட்டுமுங்க" என்று கேட்கிறார். பதில், "ரூல்ஸ்ங்க சார்". எந்த ரூல்ஸ், யார் போட்டது, எங்கே எழுதியிருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. சீட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

இது கல்லூரியின் சொந்த விதிதான். தப்பு என்று உடனே சொல்லிவிட மாட்டேன். காலை ஆறே காலுக்கு ஊத்துக்குளிப் பக்கம் எந்த பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் தெரியும்: நாலைந்து கல்லூரி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகள், மடியில் டிபன் பாக்ஸ். வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு சுற்றிப் போவதால் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி ஆகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹாஸ்டல் பெரிய உதவி. தூரத்திலிருந்து வரும் முதலாண்டு மாணவர் என்றால் நானே ஹாஸ்டல்தான் சொல்வேன். ஆனால் உதவி வேறு, கட்டாயம் வேறு.

இந்தக் கட்டாயம் அமெரிக்காவிலும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டு வளாகத்திலேயே தங்க வேண்டும். டியூக்கில் மூன்று ஆண்டு. ஆனால் அங்கே விதியோடு விலக்கையும் சேர்த்தே அச்சடிப்பது வழக்கம்: திருமணமானவர், குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர், பெற்றோருடன் பக்கத்தில் வசிப்பவர் எல்லாம் பல கல்லூரிகளில் விலக்கு கேட்கலாம். நம்ம அரசு விடுதி பக்கத்து வீட்டுப் பையனை உள்ளே விடாது. அங்கே பக்கத்து வீட்டுப் பையன் வெளியே இருக்க விண்ணப்பம் போடுகிறான்!

இதில் ஒரு வழக்கு இருக்கிறது, கேளுங்கள். தெற்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் விடுதியில் தங்கியே ஆக வேண்டும் என்று விதி. மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். விடுதி கட்டக் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டியிருக்கிறார்கள், அந்தக் கடனை அடைக்க அறைகள் நிரம்ப வேண்டும், விதியின் முக்கிய நோக்கமே அதுதான் என்று கீழ் கோர்ட் விதியை ரத்து செய்தது. 1974-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, கல்விப் பயன் என்ற நோக்கமும் இருக்கிறது, விதி செல்லும் என்றது. கல்லூரி ஜெயித்தது உண்மைதான். ஆனாலும் கட்டிய கட்டிடத்தை நிரப்பும் கணக்கு இதில் கலந்திருக்கிறது என்பது கோர்ட்டிலேயே பேசப்பட்டுவிட்டது. நம்ம ஊரில் அந்தக் கேள்வியை யாராவது கேட்கிறோமா?

இப்போது பெற்றோர் யாருமே கேட்காத பகுதிக்கு வருகிறேன். மெஸ் பில். இதை நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் இங்கேதான் போகிறது.

பல கல்லூரி ஹாஸ்டல்களில் டிவைடிங் சிஸ்டம். மாதக் கடைசியில் மொத்தச் செலவை, எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்து ஒரு நாள் ரேட் போடுவார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு.

(திரையில்: கரும்பலகை)

800 பேர் இருக்கும் ஹாஸ்டல். அரிசி, பருப்பு, காய், பால் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 90 ரூபாய். இது சாப்பிட்டால்தான் ஆகும். சமையல் மாஸ்டர் சம்பளம், பாத்திரம் கழுவுகிறவர் சம்பளம், மற்ற நிலையான செலவு மாதம் 5,40,000 ரூபாய். இது யார் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஆகும். எல்லோரும் 30 நாளும் இருந்தால் மொத்தம் 24,000 நாள். நிலையான செலவு நாளைக்கு 22 ரூபாய் 50 காசு. ரேட் 112 ரூபாய் 50 காசு.

பொங்கல் வருகிறது. 600 பேர் பத்து நாள் மெஸ் கட், அதாவது இத்தனை நாள் எனக்குச் சாப்பாடு வேண்டாம், பில்லும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறார்கள். மொத்த நாள் 18,000 ஆகிவிட்டது. மாஸ்டர் சம்பளம் குறையவில்லை. இப்போது நிலையான செலவு நாளைக்கு 30 ரூபாய், ரேட் 120. டிக்கெட் கிடைக்காமல் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்ட அசாம் மாணவருக்கு மாத பில் 3,375-க்குப் பதில் 3,600. பண்டிகைக்கு வீட்டுக்குப் போக முடியாதவர், போனவர்களுக்காக 225 ரூபாய் சேர்த்துக் கட்டுகிறார்! இதை முதல்முறை போட்டுப் பார்த்தபோது எனக்கு மனசே கேட்கவில்லை. சமையல்காரர் சம்பளத்தைத் தனியாக எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ் என்று எல்லோர் தலையிலும் சமமாகப் போடும் ஹாஸ்டல்களும் உண்டு. அதுதான் நியாயம் என்பேன்.

கொங்குப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். நமக்கு ஊர் பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காந்திபுரத்தில் ஈரோடு, சத்தி பஸ்ஸிலும், சிங்காநல்லூரில் கரூர் பஸ்ஸிலும், உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்ஸிலும் தோள்பை இல்லாத ஆளைப் பார்க்க முடியாது. ஆனால் மெஸ் கட்டுக்குப் பல இடங்களில் இத்தனை நாள் தொடர்ந்து இல்லாமல் இருந்தால்தான், அதுவும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் என்று விதி. சனி, ஞாயிறு இரண்டு நாள் அதற்குள் வராது. அப்படியென்றால் மாதம் எட்டு நாள் வீட்டில் அம்மா சமைத்த அரிசிம்பருப்புச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும் கட்டுகிறோம். அதே 120 ரூபாய் ரேட்டில் மாதம் 960. பத்து மாதத்துக்கு 9,600. ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

அதனால் கவுண்டரில் "ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மெஸ் டிவைடிங்கா, மாதம் இவ்வளவு என்று ஃபிக்ஸடா, மெஸ் கட் எத்தனை நாளிலிருந்து, சேரும்போது கட்டும் காஷன் டெபாசிட் என்ற முன்பணம் எப்போது திரும்ப வரும், இந்த மூன்றையும் கேளுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கே ஒரு ஆச்சரியம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளில், எம்.டி., எம்.எஸ். படிப்பவர்களுக்குத் தங்குமிடம் தருவது கல்லூரியின் கட்டாயக் கடமை, ஹாஸ்டலில் தங்குவது மாணவருக்குக் கட்டாயமில்லை என்று எழுதியே இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கட்டாயம் யார் மேல் இருக்க வேண்டுமோ அவர்கள் மேல் இருக்கிறது. பி.இ. முதலாண்டு மாணவருக்கும் இதே வரி வர வேண்டும் என்பது என் கருத்து. கேட்கிற பிள்ளைக்கெல்லாம் அறை கொடுப்பது உங்கள் பொறுப்பு, தங்குவதா வேண்டாமா என்பது எங்கள் முடிவு.

வேளாண்மை படிப்பு தனி ரகம். கடைசி ஆண்டில் ஊரகப் பணி அனுபவத்துக்காக மாணவர்கள் கிராமங்களில் தங்கி, விவசாயிகளோடு தோட்டத்தில் இறங்குகிறார்கள். அங்கே தங்குவதே பாடம். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கான விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பையன்கள் ஹாஸ்டல் கேட் ஒரு மணி, பெண்கள் ஹாஸ்டல் கேட் இன்னொரு மணி என்பது பல இடங்களில் வழக்கம். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் கொண்டுவந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகளில், பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்களுக்கு இல்லாத பாகுபாட்டு விதிகளை மாணவியர் விடுதியில் போடக் கூடாது என்று இருக்கிறது. ஒன்பதரை மணி லைப்ரரி பையனுக்கு உண்டு, ஆறரை மணிக்கு அம்மிணி உள்ளே போக வேண்டும் என்றால், இருவரும் எழுதுவது ஒரே பரீட்சைதானே?

ராகிங் பயமும் நியாயமானதே. 2009 ராகிங் தடுப்பு விதிகள் முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனி பிளாக்கில் தங்க வைக்கச் சொல்கின்றன. உங்கள் கல்லூரியில் தனி பிளாக் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். உதவி எண் 1800-180-5522, போனில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

வெளியே தனியார் ஹாஸ்டலில் பெண்ணைச் சேர்ப்பதாக இருந்தால் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி அந்த விடுதி பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அதே 2014 ஜூனில் பொள்ளாச்சி விடுதி ஒன்றில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமை கொங்கு மக்கள் யாருக்கும் மறக்காது. உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை. வாடகையில் ஜிஎஸ்டி சேர்த்தால் அதையும் கேளுங்கள்: தொடர்ந்து 90 நாளாவது தங்கி, மாதம் ஆளுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போகாத தங்குமிடத்துக்கு 2024 ஜூலையிலிருந்து விலக்கு இருக்கிறது.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி சீட் வாங்கிய பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-லேயே அறிவித்துவிட்டார்கள். இது தெரியாமல் ஹாஸ்டல் பணத்துக்காகவே நல்ல கல்லூரியை விட்டுவிடும் குடும்பம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தயவுசெய்து உங்கள் ஊர் அரசுப் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் இதை மட்டும் தனியாக வெட்டிப் போடுங்கள்.

கட்டாயம் என்று சொல்லும் கல்லூரியிடம் அந்த விதியை அச்சில் காட்டச் சொல்லுங்கள். கூடவே, விலக்கு கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்: வீட்டு முகவரி, கல்லூரி பஸ் எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு வருகிறது, உடல்நிலைக் காரணம் இருந்தால் டாக்டர் சான்று. வாயால் கேட்பதற்கு வாயால் பதில் வரும். எழுதிக் கொடுத்தால் எழுத்தில் பதில் கேட்கலாம். நகலில் சீல் வாங்க மறக்காதீர்கள்.

ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் மெஸ்ஸில் போன மாத ரேட் எவ்வளவு, மெஸ் கட் எத்தனை நாளிலிருந்து என்று கமெண்டில் எழுதுங்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம், மாவட்டம் போதும். மாவட்ட வாரியாகத் தொகுத்து அடுத்த வீடியோவில் போடுகிறேன்.