கொசு கடித்த நோய் கிட்னிக்கு எப்படிப் போனது? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி

அடுத்த கேள்வியைச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். அவருடைய அண்ணனுக்குக் காட்டோரச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. காய்ச்சல் வந்ததும் டிங்கி என்று நினைத்திருக்கிறார்கள். கடைசியில் குரங்கு மலேரியா என்று சொல்லி ஐசியூவில் சேர்த்து, டயாலிசிஸ் நடக்கிறதாம். "ரத்தத்தில் வரும் நோய்தானே டாக்டர், கிட்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். மலேரியாக் கிருமி நேராகப் போய்க் கிட்னியை அரிப்பதில்லை. அது குடியிருப்பது ரத்தச் சிவப்பணுவுக்குள். அங்கே பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்ததில் புகும். மனிதருக்கு வரும் மலேரியாவில் கொடியதான ஃபால்சிபாரம் வகைக்கு இந்தச் சுற்று முடிய 48 மணி நேரம் ஆகும். குரங்கு மலேரியாவான நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். முதல் நாள் நடந்து வந்து பனடால் வாங்கிப் போனவர் மறுநாள் ஸ்ட்ரெச்சரில் வருவது அதனால்தான்.

சரி, கிட்னி. சிவப்பணு உடைந்தால் அதிலிருக்கும் ஹீமோகுளோபின் ரத்தத்தில் கலக்கும். அதை வடிகட்டப் போகும் கிட்னியின் நுண்குழாய்களுக்கு அதுவே விஷம். வாந்தியில் உடம்பு வறண்டு, ரத்த அழுத்தமும் இறங்கினால் அடிக்கு மேல் அடி. அண்ணனுக்குச் சிறுநீர் கோப்பி ஓ (பாலில்லாத காப்பி) மாதிரிப் போனது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நிறம் இந்த ஹீமோகுளோபின்தான். கண் மஞ்சளானதற்கும் பாதிக் காரணம் இதுவே. மீதி, கல்லீரல் பட்ட பாடு.

எனக்கு அதைவிடப் பயம் நுரையீரல்தான். மெல்லிய ரத்தக்குழாய்கள் கசிந்து காற்றுப் பைகளில் நீர் கோத்துக்கொள்ளும். மருந்து ஏறி, கிருமி குறைந்த பிறகும் இது வரலாம். அதனால்தான் டிரிப்பை அளந்து அளந்து ஏற்றுவார்கள். கிட்னிக்குத் தண்ணீர் வேண்டாமா என்று நர்ஸ் மிஸ்ஸியிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

மூளையைத் தாக்குவது பெரும்பாலும் ஃபால்சிபாரம். கிருமி புகுந்த அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி மூளையின் நுண்குழாய்களை அடைக்கும். வலிப்பு, கோமா வரை போகும். நோலெசியில் கோமா மிக அரிது. ஆனால் ஆப்பிரிக்கா போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் ஃபால்சிபாரத்தை மறக்கக்கூடாது.

டிங்கி என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. இரண்டிலுமே பிளேட்லெட் இறங்கும். அதோடு, 2018இலிருந்து மலேசியாவில் மனித மலேரியா, அதாவது கொசு வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வகை, உள்ளூரில் பரவவில்லை என்றதும், மலேரியாவே ஒழிந்தது என்று ஊரே நினைத்துவிட்டது. கெரா, பெரோக் குரங்குகள் எங்கே போயின? இன்னும் தோட்டத்து ஓரத்தில்தானே இருக்கின்றன! அவற்றைக் கடித்த கொசுதான் பொழுது சாயும் நேரத்தில் மனிதரையும் கடிக்கிறது. விரலில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம், அதற்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, சோதனை இவ்வளவுதான். காட்டோரத்தில் வேலை என்று முதல் நாளே வாய்விட்டுச் சொன்னால் டாக்டருக்கு இது சட்டென்று தோன்றும்.

அப்புறம், கிட்னி பழையபடி ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஆகிவிடும். டயாலிசிஸ், அது தேறும் வரைக்கும்தான். ஆர்ட்டெசுனேட் ஊசி கிருமியை வேகமாக அழிக்கும். ஆனால் அந்த ஊசி போட்ட சிலருக்கு ஓரிரு வாரம் கழித்துச் சிவப்பணுக்கள் மறுபடி உடைவதுண்டு. அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் வரை ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அண்ணன் தட்டிக்கழித்தாலும் விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.