எடைக்கு விற்கும் ஆப்பிரிக்க பஃபேயில் எதை எடுப்பது, எப்படிச் சாப்பிடுவது? – நேயர் கேள்விக்கு விளக்கம்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைய சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நியூயார்க்கில் படிக்கும் மாணவி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "நான் ஹார்லெமில் தங்கியிருக்கிறேன். 116ஆவது தெருவுக்கு அருகில் ஆப்பிரிக்க உணவகம் ஒன்று இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட பண்டங்களைச் சூடாக வைத்திருக்கிறார்கள். வேண்டியதை நாமே டப்பாவில் எடுத்துக்கொண்டு எடைக்கு ஏற்பப் பணம் கொடுக்க வேண்டும். மற்ற உணவகங்களைவிட விலை மிகவும் குறைவு. ஆனால் எந்தப் பண்டம் என்ன என்றே தெரியவில்லை. இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை நம்பிச் சாப்பிடலாமா? என் அறைத்தோழி சைவம், அவளும் சாப்பிட ஏதாவது கிடைக்குமா?"

மலிவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஐயம்தான் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 116ஆவது தெருவில் மால்கம் எக்ஸ் சாலைக்கும் ஃபிரெடரிக் டக்ளஸ் சாலைக்கும் இடைப்பட்ட பகுதியைச் 'சின்ன செனகல்' என்று அழைப்பார்கள். 1980களில் இருந்து செனகல், மாலி, கினி, ஐவரி கோஸ்ட் நாடுகளைச் சேர்ந்த மக்கள் அங்கே குடியேறினார்கள். அவர்களில் பலர் தெருவோர வியாபாரிகளாகவும் டாக்சி ஓட்டுநர்களாகவும் இருந்தவர்கள். 1994ஆம் ஆண்டு 125ஆவது தெருவில் கடை விரித்திருந்த வியாபாரிகளை நகர நிர்வாகம் அப்புறப்படுத்தியபோது, அவர்களில் ஒரு பகுதியினர் 116ஆவது தெருவில் மால்கம் ஷபாஸ் பள்ளிவாசலின் பொறுப்பில் நடக்கும் சந்தைக்கு இடம் மாறினார்கள். ஆகவே அந்த வட்டாரத்து உணவகங்கள் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக ஏற்பட்டவை அல்ல. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்து, குறைந்த செலவில் வீட்டுச் சாப்பாட்டை உண்டுவிட்டு மறுபடியும் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஏற்பட்டவை. பரிமாறுகிறவர் இல்லை, பெரிய அண்டாவில் ஒரே முறையாகச் சமைக்கிறார்கள், இறைச்சியை எலும்போடு துண்டு போட்டு நீண்ட நேரம் வேக வைக்கிறார்கள், சோறும் கிழங்கும் தாராளமாகச் சேர்கின்றன. விலை குறைவதற்குக் காரணங்கள் இவைதான். தரக்குறைவுக்கும் இந்த விலைக்கும் நேரான தொடர்பு எதுவும் இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

சுத்தத்தைப் பற்றி ஐயம் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டு முதல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை ஒவ்வொரு உணவகத்துக்கும் ஆய்வு நடத்தி எழுத்துக் குறியீடு கொடுக்கிறது. குறைகளுக்கான புள்ளிகள் 13 வரை இருந்தால் ஏ, 14 முதல் 27 வரை பி, அதற்கு மேல் சி. அந்த அட்டையை வாசலிலேயே தெரியும்படி வைக்க வேண்டும் என்பது விதி. சூடாக வைக்கும் உணவு 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, அதாவது 60 டிகிரி செல்சியஸ். நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டியது இரண்டு: தட்டின் அடியிலிருந்து ஆவி வருகிறதா, தட்டுகள் விரைவாகக் காலியாகிப் புதிதாக நிரம்புகின்றனவா. பிற்பகல் நான்கு மணிக்குப் பாதி காலியாகி, மேலே காய்ந்து ஏடு கட்டிய குழம்பை எந்த நாட்டு உணவகத்திலும் எடுக்காதீர்கள்.

நேரத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. செனகல் வழக்கத்தில் சோற்று உணவு என்பது நண்பகலுக்கு உரியது. மாலையில் சுட்ட இறைச்சியும் வறுத்த மீனும் வரும். ஆகவே சோற்று வகைகளைப் புதிதாகச் சாப்பிட விரும்பினால் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் போவது நல்லது.

இனி, பண்டங்கள். இந்த இடத்தில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பஃபே என்றவுடன் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, ஒரே டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க உணவை அப்படி எடுத்தால் அதன் சுவை தெரியாமலே போய்விடும். அங்கே ஒவ்வொரு குழம்புக்கும் உரிய அடிப்படை உணவு ஒன்று உண்டு. சில குழம்புகள் சோற்றோடு சேர்பவை, சில பிசைந்த கிழங்கோடு சேர்பவை. சில சோறுகளோ குழம்பே கேட்காதவை. செனகல் மீன்சோற்றின் மேல் நைஜீரியாவின் எகுசி என்னும் விதைக் குழம்பை ஊற்றினால் இரண்டும் கெட்டுவிடும். எனவே ஒரு வேளைக்கு ஓர் அடிப்படை, அதற்குரிய ஒரு குழம்பு, பக்கத்தில் சிறிது வறுவல் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு இணையை எடுக்கலாம்.

குழம்பு கேட்காத சோறு என்றேனே, அதில் தலையாயது செபு ஜென் என்னும் மீன்சோறு. செனகலின் தேசிய உணவு அது. செயின்ட் லூயி தீவின் மீனவச் சமூகத்தில் பிறந்த இந்தச் சமையற்கலையை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மீன் துண்டத்தைக் கீறி, அதற்குள் பூண்டும் மல்லி இனத்துப் பார்ஸ்லிக் கீரையும் மிளகாயும் இடித்த கலவையைத் திணித்து, தக்காளிச் சாற்றில் காய்கறிகளோடு வேகவைப்பார்கள். வெந்ததும் மீனையும் காய்களையும் எடுத்து வைத்துவிட்டு, அந்தச் சாற்றிலேயே அரிசியை வேகவிடுவார்கள். ஆகவே மீன், மரவள்ளிக் கிழங்கு, முட்டைகோஸ், கத்தரிக்காய், கேரட் எல்லாவற்றின் சாரமும் சோற்றுக்குள் இறங்கியிருக்கும். பெரும்பாலும் சிறிது புளியும், கருவாடும் சேரும். அந்தக் கருவாட்டு மணம்தான் அதற்கு ஆழம் தருகிறது. அரிசி முழு அரிசி அல்ல, நொய்யரிசி. பிரெஞ்சு ஆட்சியில் செனகல் விவசாயிகள் ஏற்றுமதிக்காக நிலக்கடலை பயிரிட நேர்ந்தது. அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த இந்தோசீனாவின் ஆலைகளில் மிஞ்சிய நொய், உணவுக்காகக் கப்பலில் வந்து இறங்கியது. பிறருடைய தேவைக்காக வந்த அந்த நொய்யைத் தங்கள் மிகச் சிறந்த உணவாக ஆக்கிக்கொண்ட செனகல் பெண்களின் கைத்திறனை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்று முழு அரிசி எளிதாகக் கிடைத்தாலும் நொய்யைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள், ஏனென்றால் சாற்றை அது உறிஞ்சும் அளவுக்கு முழு அரிசி உறிஞ்சுவதில்லை. அண்டாவின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியாக வைத்திருந்தால் தவறாமல் ஒரு துண்டு எடுங்கள்.

வெள்ளைச் சோற்றோடு சேர வேண்டியவை இரண்டு. ஒன்று மாஃபே, அதாவது நிலக்கடலையை விழுதாக அரைத்துத் தக்காளியோடு கொதிக்கவைத்த இறைச்சிக் குழம்பு. அதன் மேல் எண்ணெய் பிரிந்து மிதப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். கடலை விழுது நன்றாக வெந்ததற்கு அடையாளமே அதுதான். மற்றொன்று யாஸா; தென் செனகலின் காசமான்ஸ் பகுதியில் தோன்றியது. ஏராளமான வெங்காயத்தை எலுமிச்சைச் சாற்றிலும் கடுகு விழுதிலும் ஊறவைத்து, சுட்ட கோழியோடு மெதுவாக வதக்கியது. காரத்துக்குப் பழகாத நண்பர்களை அழைத்துப் போனால் யாஸாவில் தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பிசைந்த கிழங்கு. ஃபூஃபூ என்றும், மரவள்ளி மாவில் கிளறினால் ஏபா என்றும், பெருவள்ளிக் கிழங்கு இனத்து யாம் கிழங்கை உரலில் இடித்துச் செய்தால் இடித்த யாம் என்றும் பெயர் பெறும் அந்த வெள்ளை உருண்டைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்டுத் தனியாக இருக்கும். நேயர்களில் பலர் இதை எடுத்து மென்று பார்த்துவிட்டுச் சுவையே இல்லை என்கிறார்கள். கேழ்வரகுக் களியை நாம் எப்படிக் கீரைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குகிறோமோ, அப்படித்தான் இதையும் உண்ண வேண்டும். வலது கையால் சிறிதளவு கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழித்து, அந்தக் குழியில் குழம்பை அள்ளி விழுங்குங்கள். கரண்டியைத் தேட வேண்டாம். கையால் சாப்பிடுவது அங்கே இயல்பானது, கை கழுவும் இடமும் இருக்கும். இதற்குரிய குழம்புகள் எகுசியும் வெண்டைக்காய்க் குழம்பும். எகுசி என்பது தர்ப்பூசணி இனத்து விதைகளை அரைத்து, கீரையும் சிவந்த பனையெண்ணெயும் சேர்த்துச் செய்வது. விதை மாவு திரிதிரியாகத் திரண்டிருக்கும், கெட்டுப்போனது என்று எண்ணிவிடாதீர்கள். வெண்டைக்காய்க் குழம்பின் வழுவழுப்பை அவர்கள் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள், பிசைந்த கிழங்கு தொண்டையில் இறங்குவதற்கு அதுதான் துணை. வெண்டைக்காயே ஆப்பிரிக்காவிலிருந்து நமக்கு வந்த காய் என்று பலர் கருதுகிறார்கள்; காராமணியும் புளியும் கேழ்வரகும்கூட அங்கிருந்து வந்தவைதான். நூற்றாண்டுகளாக நம் அடுக்களையில் இருப்பவற்றின் தாய்நாட்டுச் சமையல் என்று நினைத்துப் பார்த்தால் இந்த உணவின் மீது தனி மதிப்பு வருகிறது.

ஐவரி கோஸ்ட் உணவு கிடைக்கும் கடையாக இருந்தால் அட்டியெகே என்னும் பொருளையும் தேடுங்கள். மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து, பிழிந்து, மணிமணியாக உதிர்த்து ஆவியில் வேகவைத்தது. 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. வறுத்த மீனும் பச்சை வெங்காயமும் தக்காளியும் அதற்குத் துணை, குழம்பு தேவையில்லை.

காரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்காட்ச் பானெட் என்னும் குட்டையான, சுருக்கம் விழுந்த மிளகாயை உடைக்காமல் முழுதாகச் சோற்றின் மேல் வைத்திருப்பார்கள். அது மணத்துக்காக வைத்தது. நம் ஊர் மிளகாய் அளவுதான் காரம் என்று எண்ணிக் கடித்துவிட்டால் அந்த வேளை உணவு அதோடு முடிந்தது. ஓரத்தில் வைத்துக்கொண்டு, கரண்டியால் லேசாக அழுத்தி, சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். பல கடைகளில் எல்லாப் பண்டத்துக்கும் பவுண்டுக்கு ஒரே விலை. சிலவற்றில் மீனுக்கும் சுட்ட இறைச்சிக்கும் தனி விலை. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 454 கிராமுக்கு. ஆகவே சோறும் குழம்பின் நீரும் எலும்பும் அதே விலையில் நிறுக்கப்படுகின்றன. சோற்றைக் கால் டப்பாவுக்கு மேல் எடுக்காதீர்கள், குழம்பை வடித்துக் கெட்டியாக எடுங்கள், எலும்பு மிகுந்த ஆட்டுக்கறியைவிடக் கீரை, வறுத்த நேந்திர வகை வாழை, மீன் ஆகியவற்றில் பணத்துக்கு மதிப்பு அதிகம். அதே சமயம், இறைச்சித் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு வெறும் சாற்றைத் தட்டில் விட்டுச் செல்வது முறையல்ல, பின்னால் நிற்பவரும் பசியோடுதான் வந்திருக்கிறார். சமைத்த உணவுக்கு 8.875 விழுக்காடு விற்பனை வரி சேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். செனகல் நாட்டவர் பெரும்பான்மையும் முஸ்லிம்கள் என்பதால் அந்த வட்டாரத்தில் இறைச்சி பெரும்பாலும் ஹலால்.

உங்கள் அறைத்தோழியைப் பற்றிய கேள்விக்குப் பதில் அவ்வளவு எளிதல்ல. கீரையாகவும் காயாகவும் பயறாகவும் தோன்றும் பல பண்டங்களில் கருவாட்டுத் தூளோ, உலர்த்திய இறாலோ, இறைச்சிச் சாற்றுக் கட்டியோ கரைந்திருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 'இறைச்சி இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் இல்லை என்று உண்மையாகவே சொல்வார்கள், ஏனென்றால் மீனை அவர்கள் இறைச்சியாகக் கருதுவதில்லை. மீன், இறால், சாற்றுக் கட்டி மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அவளுக்கு ஓரளவு பாதுகாப்பானவை, வறுத்த வாழையும், வெள்ளைச் சோறும், வெறும் அட்டியெகேயும், தோல் நீக்கிய காராமணியை அரைத்துப் பொரிக்கும் அக்காராவும். இவற்றுக்கும் எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது, மீன் பொரித்த எண்ணெயாகவும் இருக்கலாம். குடிப்பதற்குத் தடையில்லை. புளிச்சகீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லிதழ்களை ஊறவைத்த பிஸாப், காரமான இஞ்சிச் சாறு, இலங்கையின் மன்னாரில் பெருக்க மரம் என்று பாவோபாப் மரம் நிற்கிறதே, அந்த இனத்துக் கனியிலிருந்து செய்யும் புய் ஆகிய மூன்றும் குளிர்பெட்டியில் இருக்கும். புய் மட்டும் பாலோடு கலந்திருக்கக்கூடும்.

உங்கள் இருவரில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை இருந்தால், நான் மேலே சொன்ன எதையும் பொருட்படுத்தாமல் இத்தகைய பஃபேயைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே கரண்டி மாஃபேயிலிருந்து பக்கத்துத் தட்டுக்குப் போய்வரும், சுட்ட இறைச்சியின் மேல் தூவும் மசாலாவிலும் கடலைப்பொடி இருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் 2 அல்லது 3ஆம் எண் சுரங்க ரயிலில் 116ஆவது தெரு நிலையத்தில் இறங்கி, நண்பகலில் போய், செபு ஜென்னில் தொடங்குங்கள்.